கல்லு தண்ணியில மிதக்குமா? - திண்டிவனம் வழியா ஒரு ஜன்னி வரலாறு

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி கம்மியா இருக்குற நேரமாப் பார்த்து, டீயோட உக்காந்து படிங்க. நடுவுல கிரேக்கம், கோபன்ஹேகன், மாண்ட்ரியல் எல்லாம் வந்து போகும். ஆனா நம்ம பஸ் ஓடப் போறது திண்டிவனம் - விழுப்புரம் ரூட்லதான்.

நம்ம பக்கத்துல காய்ச்சல் முத்திப்போய் ஒருத்தர் சம்பந்தமில்லாம பேச ஆரம்பிச்சா, "ஜன்னி கண்டுடுச்சு"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க. சன்னி, ஜன்னி ரெண்டும் ஒண்ணுதான். வடமொழி 'சந்நிபாதம்' வழியா வந்த வார்த்தை. வாதம், பித்தம், கபம் மூணும் ஒரே நேரத்துல கெட்டுப்போற நிலை. சரக சம்ஹிதையில சந்நிபாத சுரத்துலயே 13 வகை சொல்லியிருக்கு. சித்த மருத்துவத்துலயும் சன்னிக்குத் தனி இடம் உண்டு. இதுல ஒரு சிக்கல் என்னன்னா, நம்ம பேச்சு வழக்குல ஜன்னிங்கறது ஒரு பெரிய கோணிப்பை மாதிரி. காய்ச்சல் உளறலும் ஜன்னி, வலிப்பும் ஜன்னி, பிள்ளை பெத்தவளுக்கு வர்ற காய்ச்சலும் பிரசவ ஜன்னி. எல்லாத்துலயும் பொதுவா இருக்குறது ஒண்ணுதான்: சத்தம், துடிப்பு, ஆர்ப்பாட்டம். பார்த்த உடனே தெரியும்.

ஆங்கில மருத்துவத்துல இதுக்குப் பேரு டெலிரியம். இந்த வார்த்தை பிறந்த கதை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். லத்தீன்ல 'லிரா'ன்னா உழவு சால். ஏர் ஓட்டும்போது சாலை விட்டு மாடு விலகிப் போறதுதான் டெலிரியம். கி.பி. முதலாம் நூற்றாண்டுல செல்சஸ்ங்கற ரோமானியர் எழுதின மருத்துவ நூல்லயே இந்த வார்த்தை வந்துடுது. அவருக்கு முன்னாடி கிரேக்கர்கள் இதை ரெண்டாப் பிரிச்சு வச்சிருந்தாங்க. காய்ச்சல்ல கத்தி உளறினா ஃப்ரெனிடிஸ். அசந்து போய், கூப்பிட்டா ஏதோ முனகி, திரும்ப மயங்கினா லெதார்கஸ். அதாவது சத்தமா ஒண்ணு, அமைதியா ஒண்ணு.

நம்ம பேச்சுத் தமிழ்ல முதலாவதுக்குத்தான் பேர் இருக்கு. ரெண்டாவதைப் பார்த்தா "அசந்து தூங்குறாங்க, எழுப்பாதீங்க"ன்னுதான் சொல்லுவோம். இந்தப் பதிவு அந்தப் பேரில்லாத ரெண்டாவது ஆளைப் பத்தினது.

இன்னைய மருத்துவ விளக்கம் சுருக்கமா: மூளை திடீர்னு, சில மணி நேரத்துலயோ ஒண்ணு ரெண்டு நாள்லயோ, தடுமாறிப் போகுது. முக்கியமா கவனம் நிக்காது. ஏறி இறங்கி வரும். காலையில தெளிவு, ராத்திரி குழப்பம். காரணம் உடம்புலதான் இருக்கும்: கிருமித் தொற்று, ஆக்ஸிஜன் குறைவு, ரத்தத்துல சோடியம் இறங்குறது, தூக்க மருந்து, இல்லேன்னா தினமும் குடிச்சவர் சட்டுனு நிறுத்தினது. இது பைத்தியமும் இல்ல, வயசான மறதி நோயும் இல்ல. பெரும்பாலும் காரணத்தைச் சரி பண்ணினா ஆள் திரும்பி வருவார். அதனாலதான் கண்டுபிடிக்கிறது முக்கியம்.

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, இது ஒரு இன்டர்மிட்டென்ட் பக். மேனேஜர் வந்து நிக்கும்போது ரீப்ரொட்யூஸ் ஆகாது. பெரிய டாக்டர் காலை 9 மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார், "எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்பார், பேஷண்ட் "நல்லா இருக்கேன் சார்"னு சொல்லுவார். முடிஞ்சது. ராத்திரி 2 மணிக்கு அதே ஆள் பெட்ஷீட்டுல இல்லாத எறும்பைப் பொறுக்கிக்கிட்டு இருப்பார். அப்போ பக்கத்துல இருக்குறது யாரு? நர்ஸ்.

ராத்திரியில படுக்கை பக்கத்துல யார் இருக்காங்கங்கற கேள்விக்கு நம்ம மாவட்டத்துலயே ஒரு பழைய கதை இருக்கு. 1890களின் ஆரம்பம். திண்டிவனம் அப்போ தென்னாற்காடு ஜில்லா. அமெரிக்க ஆற்காடு மிஷன்ல டாக்டரா இருந்த ஜான் ஸ்கடரோட பொண்ணு ஐடா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு அமெரிக்காவுல இருந்து திண்டிவனம் வந்திருந்தாங்க. சீக்கிரம் திரும்பிப் போயிடணும்ங்கறதுதான் நினைப்பு. ஒரே ராத்திரியில மூணு பேர் கதவைத் தட்டுறாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தர் வேற சாதி இந்து. மூணு பேர் வீட்லயும் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிடுச்சு. ஐடா, "எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்றாங்க. ஆம்பளை டாக்டர் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு மூணு பேரும் திரும்பிப் போயிடுறாங்க. விடிஞ்சப்போ மூணு பெண்களும் இறந்துட்டாங்கன்னு சேதி வருது.

அந்த ஐடா 1899ல கார்னெல்ல மருத்துவம் முடிச்சு, வேலூருக்கு வந்து, 1902ல பெண்களுக்கான ஷெல் ஆஸ்பத்திரியைத் திறந்தாங்க. அதுதான் பின்னாடி சி.எம்.சி. ஆனது. இந்தக் கதையில எல்லாரும் டாக்டர் ஐடாவைத்தான் பேசுவாங்க. எனக்கு முக்கியமாப் படுறது 1909. அந்த வருஷம் அங்க நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாங்க. மருத்துவப் பள்ளி வந்தது 1918லதான். அதாவது டாக்டர்களை உருவாக்குறதுக்கு 9 வருஷம் முன்னாடியே நர்ஸுகளை உருவாக்க ஆரம்பிச்சாச்சு. (சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில 1871லயே நர்ஸ் பயிற்சி தொடங்கியிருந்தது, அது தனிக் கதை.) 1946ல வேலூர்ல நர்சிங் பட்டப்படிப்பே வந்துடுச்சு. திண்டிவனத்துல மூணு வீட்லயும் இல்லாதது ஒரு ஸ்டெதஸ்கோப் மட்டும் இல்ல. உள்ள போக அனுமதி உள்ள, விஷயம் தெரிஞ்ச, ராத்திரி முழுக்கக் கூட உக்காரக்கூடிய ஒருத்தி.

நைட்டிங்கேல் அம்மா 1859ல எழுதின நர்சிங் குறிப்புகள்ல சத்தத்துக்கு ஒரு அத்தியாயம், வெளிச்சத்துக்கு ஒரு அத்தியாயம், நோயாளியைக் கவனிக்கிறதுக்கு ஒரு அத்தியாயம் இருக்கு. பார்க்க வர்றவங்க சும்மா அள்ளி வீசுற ஆறுதலையும் அறிவுரையையும் திட்டுறதுக்கும் ஒரு அத்தியாயம் உண்டு :-) நம்ம ஊர் ஆஸ்பத்திரி வராண்டாவைப் பார்த்துட்டு எழுதின மாதிரியே இருக்கும். சத்தம், வெளிச்சம், கவனிப்பு இந்த மூணையும் மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

சரி, ஐசியூ எப்போ வந்துச்சு? 1952ல கோபன்ஹேகன்ல போலியோ பரவினப்போ, மூச்சுத் தசை செத்துப்போன நோயாளிகளுக்குத் தொண்டையில துளை போட்டு, கையால பலூனை அமுக்கி அமுக்கிக் காத்து கொடுக்கலாம்னு பியோர்ன் இப்சன்ங்கற மயக்க மருந்து நிபுணர் செஞ்சு காட்டினார். சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்டு போட்டு ராப்பகலா அமுக்கினாங்க. அதுல இருந்து வளர்ந்ததுதான் இன்னைய தீவிர சிகிச்சைப் பிரிவு.

உயிர் பிழைச்சாங்க. ஆனா அந்த அறைக்குள்ள போனவங்க பலபேர் குழம்பிப் போறாங்கன்னு 1960கள்லயே டாக்டர்கள் எழுத ஆரம்பிச்சாங்க. அதுக்கு 'ஐசியூ சைக்கோசிஸ்'னு ஒரு பேர் வச்சாங்க. இந்தப் பேர் செஞ்ச கெடுதல் கொஞ்சநஞ்சமில்லன்னு நான் நினைக்கிறேன். ஐசியூன்னா அப்படித்தான் இருக்கும், வெளிய வந்தா சரியாயிடும்னு ஒரு சமாதானம் அந்தப் பேருக்குள்ளயே இருக்கு. இத்தனைக்கும் 1959லயே ஏங்கல், ரோமானோன்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள், டெலிரியம்ங்கறது மூளையோட செயலிழப்புன்னு தெளிவா எழுதிட்டாங்க. கிட்னி செயலிழக்கிற மாதிரி, கல்லீரல் செயலிழக்கிற மாதிரி. கிட்னிக்கு யூரியா, கிரியாட்டினின் எல்லாம் டாண்ணு பார்க்குறோம். மூளைக்கு என்ன டெஸ்ட்?

1990ல ஷாரன் இனோய்ங்கற அமெரிக்க டாக்டர் ஒரு முறையைக் கொண்டு வந்தார். சுருக்கமா சி.ஏ.எம். நாலே நாலு விஷயம். ஒண்ணு, திடீர்னு வந்த மாற்றம், அல்லது ஏறி இறங்குற நிலை. ரெண்டு, கவனம் நிக்காதது. மூணு, சிந்தனை சிதறுறது. நாலு, விழிப்பு நிலை மாறியிருக்கிறது. முதல் ரெண்டும் கட்டாயம் இருக்கணும், கூட மூணோ நாலோ ஏதாவது ஒண்ணு. நம்ம பாஷையில, 1 && 2 && (3 || 4). இதை முதல்ல படிச்சப்போ மனுஷ மூளைக்கு இவ்ளோ சின்ன இஃப் கண்டிஷனான்னு ஆச்சரியமா இருந்துச்சு.

அதே இனோய் 2001ல வெளியிட்ட இன்னொரு ஆய்வு கொஞ்சம் கசப்பானது. ஐசியூ இல்ல, பொது வார்டுகள்ல இருந்த 797 முதியவர்கள். வழக்கமான வேலைக்கு நடுவுல நர்ஸுகள் கவனிச்சதையும், பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிச்சதையும் ஒப்பிட்டாங்க. டெலிரியம் இருந்த நோயாளிகள்ல 31 சதவீதம் பேரைத்தான் நர்ஸுகள் அடையாளம் கண்டிருந்தாங்க. எந்த மாதிரி ஆளுங்க தப்பிப் போனாங்க? அமைதி வகை டெலிரியம், 80 வயசுக்கு மேல, கண்பார்வை மங்கினவங்க, ஏற்கனவே மறதி நோய் உள்ளவங்க. நர்ஸுகளைக் குறை சொல்ற ஆய்வா நான் இதைப் பார்க்கல. கருவி இல்லாம கண்ணை மட்டும் நம்பினா, சத்தம் போடுறவர்தான் கண்ணுல படுவார்.

குடியை நிறுத்தினதால வர்ற டெலிரியத்தை எடுத்துக்கோங்க. அதுக்கு தாமஸ் சட்டன்ங்கற இங்கிலாந்து டாக்டர் 1813லயே பேர் வச்சுட்டார். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில பைக்ல விழுந்து கால் உடைஞ்சு சேர்றவர், குடி நின்ன ரெண்டு மூணு நாள்ல கை நடுங்கி, வேர்த்து, கட்டிலை விட்டு எழுந்து ஓடுவார். வார்டு பாய்க்குக் கூட அது என்னன்னு தெரியும். பக்கத்துக் கட்டில்ல விட்டத்தைப் பார்த்துக்கிட்டு சாதுவாப் படுத்திருக்குற பெரியவரை யார் திரும்பிப் பார்க்கப் போறாங்க?

ஐசியூல இன்னொரு தடை உண்டு. வாயில குழாய் இருக்கும், பேச முடியாது. இதுக்கு 2001ல ரெண்டு வழி வந்துச்சு. ஒண்ணு, நாஷ்வில்ல வெஸ்லி ஈலி குழுவினர் சி.ஏ.எம்.மை ஐசியூவுக்காக மாத்தினது. அவங்க செய்யறது இப்படி. முதல்ல விழிப்பு நிலை. முரட்டுத்தனமா ஆர்ப்பாட்டம் பண்ணினா +4, அசைச்சாலும் அசையாத மயக்கம்னா -5. கூப்பிட்டா கண் திறக்குற அளவுக்காவது இருந்தாத்தான் மேல போகலாம். அப்புறம் நர்ஸ் கையை நோயாளி கைக்குள்ள வச்சு, "நான் 'ஏ'ன்னு சொல்றப்போ மட்டும் அழுத்துங்க"ன்னு சொல்லிட்டு, பத்து எழுத்தை நிதானமாச் சொல்லணும்: எஸ், ஏ, வி, ஈ, ஏ, எச், ஏ, ஏ, ஆர், டி. 'ஏ'வுக்கு அழுத்தாம விட்டாலும் தப்பு, வேற எழுத்துக்கு அழுத்தினாலும் தப்பு. ரெண்டு தப்புக்கு மேல போனா கவனம் நிக்கலன்னு அர்த்தம். பழகின நர்ஸுக்கு முழு சோதனையும் ஒண்ணு ரெண்டு நிமிஷம்.

சிந்தனையைப் பார்க்க ஆமாம்/இல்லை கேள்விகள். கல்லு தண்ணியில மிதக்குமா? கடல்ல மீன் இருக்கா? ஒரு கிலோ ரெண்டு கிலோவை விட கனமா? சுத்தியலால ஆணி அடிக்கலாமா? (கடைசிக் கேள்விக்கு நம்ம பதிவுலகமே வாழ்க்கையையே பதிலாச் சொல்லும்.)

முதல் கேள்வியில நான் நின்னுட்டேன். நம்ம ஏரியா பேஷண்டுகிட்ட "கல்லு மிதக்குமா"ன்னு கேட்கலாமா சார்? பல்லவ மன்னன் கல்லோட கட்டிக் கடல்ல தள்ள, அந்தக் கல்லே தெப்பமாகி அப்பர் திருப்பாதிரிப்புலியூர்ல கரையேறினார்ங்கறது இங்க எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. கடலூர் பக்கம் கரையேறவிட்டகுப்பம்னு ஊரே இருக்கு. பக்தியுள்ள ஒரு பாட்டி தெளிவான புத்தியோட "மிதக்கும்"னு தலையாட்டினா டெலிரியம்னு எழுதிடுவாங்களா? மாட்டாங்க. ஒரு தப்பு வரைக்கும் மன்னிப்பு உண்டு. அதுவும் போக, இன்னொரு கேள்வித் தொகுப்பும் இருக்கு: இலை தண்ணியில மிதக்குமா, கடல்ல யானை இருக்கா... நான் நர்ஸா இருந்தா ரெண்டாவது தொகுப்பைத்தான் எடுப்பேன்.

இன்னொரு வழி மாண்ட்ரியல்ல பெர்ஜரோன் குழுவினர் கொண்டு வந்தது. பேரு ஐ.சி.டி.எஸ்.சி. இதுல பரீட்சை வைக்கிறதை விட ஷிப்டு முழுக்கக் கவனிக்கிறதுக்குத்தான் மதிப்பு. விழிப்பு, கவனம், இடம்-நேரம் தெரியுதா, இல்லாதது கண்ணுக்குத் தெரியுதா, துள்ளலா அல்லது மந்தமா, பேச்சும் மனநிலையும் பொருந்துதா, தூக்கம் தலைகீழா, நிலைமை ஏறி இறங்குதா. எட்டுல நாலு வந்தா டெலிரியம். தென்னிந்தியாவுல வசதி குறைஞ்ச ஒரு மருத்துவ ஐசியூல, குழாய் போடாத நோயாளிகள்கிட்ட இந்த முறை வேலை செய்யுதான்னு சோதிச்சு 2011ல ஒரு ஆய்வு வந்திருக்கு. சண்டிகர் பி.ஜி.ஐ. ஐசியூ ஆய்வு ஒண்ணு 2012ல வந்தது. அதுல பாதிப் பேருக்கு மேல டெலிரியம்.

இதெல்லாம் எனக்கு எதுக்குன்னு கேட்பீங்க. சில வருஷம் முன்னாடி எங்க ஆயா (விழுப்புரம் பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம்) கிணத்தடியில விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு ஐசியூல இருந்தாங்க. மூணாவது நாள் ரொம்ப அமைதி. மாமா, "வலி இல்லாம தூங்குறாங்க"ன்னு எல்லாருக்கும் போன்ல சொல்லிட்டு இருந்தார். நைட் டூட்டி சிஸ்டர் செஞ்சிப் பக்கத்துப் பொண்ணு. அவங்களுக்கு மட்டும் மனசு ஒப்பல. "ஆயா, ஞாயித்துக்கிழமையில இருந்து பின்னாடியே கிழமையைச் சொல்லுங்க பார்ப்போம்"னு கேட்டிருக்காங்க. ஆயா ஞாயிறு, சனின்னு சொல்லிட்டு நின்னுட்டாங்க. திரும்பக் கேட்டா, "பால்காரன் வந்துட்டானா கண்ணு?" காலையில டாக்டர் வந்தப்போ ஆயா, "வாங்க தம்பி, சாப்டீங்களா?"ன்னு கேட்டு அசத்திட்டாங்க. ஆனா சிஸ்டர் மணி போட்டு சார்ட்டுல எழுதி வச்சிருந்தாங்க. லாக் இருந்ததாலதான் டாக்டர் நின்னு பார்த்தார். ரத்தத்தையும் மூத்திரத்தையும் சோதிச்சாங்க. சோடியம் இறங்கியிருந்தது, மூத்திரத்துல தொற்று. நாலு நாள் கழிச்சு ஆயா, "ஏண்டா, காப்பியில சக்கரை போட்டாங்களா இல்லையா?"ன்னு கேட்டாங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டப்புறம்தான் வீட்ல எல்லாரும் ஒழுங்கா சாப்பிட்டோம்.

கண்டுபிடிக்காம விட்டா என்ன ஆகும்? ஈலி குழுவின் 2004 ஆய்வுல, வென்டிலேட்டர்ல இருந்து மயக்கம் தெளிஞ்ச 224 பேர்ல 183 பேருக்கு டெலிரியம் வந்துச்சு. ஆறு மாசத்துக்குள்ள இறந்தவங்க, டெலிரியம் வந்தவங்கள்ல 34 சதவீதம், வராதவங்கள்ல 15 சதவீதம். 2013ல வந்த 821 பேர் ஆய்வு இன்னும் உறுத்துது. ஐசியூல பிழைச்சு வந்தவங்கள்ல, மூணு மாசம் கழிச்சும், நாலுல ஒருத்தரோட யோசிக்கிற திறன் லேசான அல்சைமர் நோயாளி அளவுக்குத்தான் இருந்துச்சு. டெலிரியம் எவ்ளோ நாள் நீடிச்சதோ, அவ்ளோ மோசம். "வீட்டுக்கு வந்ததுல இருந்து அப்பாவுக்குக் கணக்கு வழக்கே பிடிபடல"ன்னு நம்ம தெருவுல கேட்ட பேச்சுக்கெல்லாம் பின்னாடி இதுவும் இருந்திருக்கலாம்.

மாத்திரை போட்டா போயிடுமான்னா, ஹாலோபெரிடால் மாதிரி மருந்துகளை 566 பேர்கிட்ட சோதிச்ச 2018 ஆய்வுல, மருந்துக்கும் வெறும் உப்புத் தண்ணிக்கும் டெலிரியத்தோட நாள் கணக்குல வித்தியாசமே இல்ல. தூக்க ஊசியில பென்சோடயஸிபைன் வகை டெலிரியத்தைக் கூட்டவே செய்யும் (குடி நிறுத்தினவங்களுக்கு மட்டும் அதுவே மருந்து, விசித்திரம்தான்). உருப்படியா பலன் கொடுத்ததா 1999லயே இனோய் காட்டினது சாதாரண விஷயங்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் எடுத்துக் கொடுக்கிறது, எழுப்பி நடக்க வைக்கிறது, தண்ணி குடிக்க வைக்கிறது, ராத்திரி தூங்க விடுறது, இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லிக்கிட்டே இருக்கிறது. வார்டுல இருந்த 852 முதியவர்கள்ல டெலிரியம் 15 சதவீதத்துல இருந்து 9.9க்கு இறங்கினது. சத்தம், வெளிச்சம், கவனிப்பு. நைட்டிங்கேல் அம்மா திரும்ப வந்துட்டாங்க பாருங்க.

கொரோனா காலத்துல 14 நாட்டு ஐசியூக்கள்ல 2,088 பேரைப் பார்த்த 2021 ஆய்வு, சொந்தக்காரங்க நேர்லயோ வீடியோவுலயோ வந்து பேசினவங்களுக்கு டெலிரியம் கால்வாசி குறைவா இருந்ததுன்னு சொல்லுது. முண்டியம்பாக்கத்துல 2010ல வந்த அரசு மருத்துவக் கல்லூரியா இருக்கட்டும், எந்த ஊர் ஐசியூவா இருக்கட்டும், வெளிய பாய் விரிச்சுப் படுத்திருக்குற கூட்டத்தை நாம தொந்தரவாத்தான் பார்த்துப் பழகியிருக்கோம். அதுல ஒருத்தர் உள்ள போய் "அம்மா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நான் பெரியவன் வந்திருக்கேன்"னு சொல்றது சிகிச்சையில சேர்த்தி.

கடைசியா ஒரு மேட்டர். அந்த 'ஏ' எழுத்து என் மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு. பள்ளிக்கூடமே போகாத ஆயாவுக்கு எஸ், ஏ, வி, ஈ எல்லாம் எந்த ஊர் பாஷை? படம் காட்டிக் கேட்கிற முறை உண்டு. எழுத்துக்குப் பதில் எண்களைச் சொல்லி, ஒண்ணு வரும்போது மட்டும் அழுத்தச் சொல்ற முறையும் உண்டு. தமிழ் எழுத்துல பண்ணலாம்னா 'அ'வும் 'ஆ'வும் காது மந்தமானவங்களுக்கு ஒண்ணாக் கேட்கும். அப்போதான் தோணுச்சு. எங்க ஆயாவுக்குத் தூக்கத்துல கூடக் காதுல விழுற ஒரு எண் இருக்கு. தாயக்கட்டையில விழுற ஒண்ணு. "ஆயா, நான் தாயம்னு சொல்றப்போ மட்டும் கையை அழுத்துங்க. மூணு... தாயம்... ஆறு... அஞ்சு... தாயம்... ரெண்டு... தாயம்... தாயம்... நாலு... பன்னெண்டு." எண்ணிப் பாருங்க, பத்து இருக்கும், அந்த நாலு 'ஏ' இருந்த இடத்துலயே நாலு தாயம். முறையாச் சோதிக்காம யாரும் இதை வார்டுல போட்டுப் பார்க்கக் கூடாது, அது வேற விஷயம். வலைப்பக்கம் வச்சிருக்குற நர்ஸ் அக்காமார் யாராவது இதைப் படிச்சா, தாயம் சரிவருமா, இல்ல கிழமையே போதுமான்னு சொல்லுங்க.